தெரு நாய்களுக்காகக் கிளம்பியிருக்கும் பிள்ளைக்கு

கண்ணு, நம் ஊர் நாய்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நீயும் உன் கூட்டாளிகளும் கிளம்பியிருக்கிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். கேட்டதும் மனசு நிறைந்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் ரயிலடியிலிருந்து ஆற்றங்கரை வரை நாய்களோடும், நாய்களால் சண்டையிட்டுக்கொள்ளும் மனிதர்களோடும் என் ஆயுளில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. எப்படிப் பிடிப்பது, எங்கே ஊசி போடுவது என்பதெல்லாம் கால்நடை மருத்துவரிடம் நின்று பார்த்தால் நாலு நாளில் வந்துவிடும். இந்த வேலையில் முதலில் களைத்துப் போவது மனசுதான். ஆகவே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

1. சோற்றுப் பாத்திரத்தைத் தூக்குவதற்கு முன் ஒரு நோட்டை எடு. விடியற்காலையில், பால்காரர் வரும் நேரத்தில் தெருத் தெருவாக நட. அப்போது நாய்கள் தத்தம் எல்லையில் படுத்திருக்கும். எது ஆண், எது பெண், எதற்குக் காதில் வெட்டு (கருத்தடை ஆனதன் அடையாளம்) இருக்கிறது, எது நொண்டுகிறது, எது யார் வீட்டுத் திண்ணையோரம் ஒதுங்குகிறது என்று எழுதிக்கொள். கேட்பாரற்றது என்று நீ நினைக்கும் பல நாய்களுக்கு அரைகுறையாகவாவது ஒரு சொந்தம் இருக்கும். டீக்கடைக்காரர் காலையில் பொறை போடுவார். தனியாக இருக்கும் ஒரு கிழவி தன் கஞ்சியில் பாதியை வைப்பாள். அவர்கள்தான் உன் முதல் துணை. பேர் இல்லாத நாய்க்குப் பேரும் வை. பேர் வந்துவிட்ட நாயைச் சனியன் என்று திட்டக் கொஞ்சம் தயங்குவார்கள். நாய்க்குப் பேர் வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. நம் தென்பெண்ணையாறு கடந்து வரும் திருவண்ணாமலைச் சீமையில், எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, சுமார் 1,400 ஆண்டுப் பழமை. தன் எருமைகளுக்காகப் போராடி மாண்ட ஒருவனுக்கு நட்ட கல். அவனோடு நின்று இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் காத்த நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த நாயின் எசமான் பெரிய அரசன் இல்லை.

2. நாய்க்குப் பயப்படுகிறவரோடு சண்டை போடாதே. இதை நீ மறக்காமல் இருந்தால் மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. நாய்களிடம் அன்பாக இருப்பவர்கள் பலர் நாளடைவில் மனிதர்களிடம் கடுமையாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கடிபட்ட குழந்தையின் தாயிடம் போய், ‘உங்கள் பிள்ளைதான் சீண்டியிருப்பான்’ என்று சொல்லிவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்தத் தெருவே அவருக்கு எதிரியானது. அவர் மேல் இருந்த கோபத்தை யாரோ அந்த நாய்கள் மேல் தீர்த்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் அங்கே குரைக்க ஒரு நாய் இல்லை. விஷம் வைத்தவர் செய்தது பாவம், குற்றமும்கூட. ஆனால் அந்தப் பகையை வளர்த்ததில் அந்தத் தாயிடம் அப்படிப் பேசியவரின் நாக்குக்கும் பங்கு இருந்தது.

இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவருக்கு நாய்க்கூட்டம் துரத்துவது உயிர்ப்பயம். தொழுகைக்குப் போகிறவர் நாயின் எச்சில் துணியில் பட்டுவிடக் கூடாதே என்று ஒதுங்கிப் போகிறார் என்றால் அது அவருடைய சுத்தம், நாய் மேல் வெறுப்பு இல்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் தெரு நாய்கள் கடித்துக் கொன்ற ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் போராடினார்களே, அந்த ஆடுகளும் உயிர்கள்தான். அவர்கள் வீட்டுப் பள்ளிக்கூடச் செலவும் அந்த ஆடுகள்தான். முதலில் அவர்கள் சொல்வதைக் கேள். முழுவதும் கேள். இடையில் பேசாதே. ‘அந்தச் செவலை நாய்க்கு இந்த மாதம் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கிறேன், அதுவரை நானே மாலையில் இந்தப் பக்கம் வந்து பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல். சொன்னபடி போய் நில்.

3. சோறு போட்டால் தினம் போடு. இல்லாவிட்டால் தொடங்காதே. பிறந்தநாளுக்கு ஒரு அண்டா பிரியாணி போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவரை நம்பி நாய்கள் மறுநாளும் அதே இடத்தில் காத்து நிற்கும். பசியோடு ஒரே இடத்தில் கூடினால் சண்டை வரும். நடுவில் ஒரு குழந்தை வந்தால் கடி விழும். இடமும் நேரமும் மாறக் கூடாது. பள்ளிக்கூட வாசல், பிள்ளைகள் விளையாடும் இடம், கோயில், பள்ளிவாசல் முகப்பு, யாருடைய வீட்டுப் படி, இவற்றில் எதுவும் வேண்டாம். சாப்பிட்டு முடிந்ததும் இலையையும் எலும்பையும் நீயே எடு. கோழிக்கடைக்காரர்களிடம் நட்பாக இரு. ஞாயிற்றுக்கிழமைக் கழிவை மூட்டை கட்டி ஆற்றோரம் வீசும் வரைக்கும் நீ என்ன செய்தாலும் நாய்கள் அங்கேதான் கூட்டம் சேரும். ஊரில் நாய் பெருகக் காரணம் தேடுகிறவர்கள் முதலில் குப்பைமேட்டைப் போய்ப் பார்க்க வேண்டும்.

4. அறுவை சிகிச்சைதான் வழி, குறுக்கு வழி கிடையாது. பிடித்துக் கொன்றுவிட்டால் தீர்ந்தது என்று உன்னிடம் நிறையப் பேர் சொல்வார்கள். அதை நூறு வருஷத்துக்கு மேல் செய்து பார்த்த ஊர் நம் சென்னை. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய பழக்கம். கொல்லும் எண்ணிக்கை ஏறியதே தவிர, தெருவில் நாய் குறையவில்லை. காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். அங்கே சோறு கிடைக்கிறதல்லவா! 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ், 1964இலேயே கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து அதே இடத்தில் விடுவோம் என்று சொன்னது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கோரிக்கையைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்த அந்த மனிதர்களை நினைத்துக்கொள். பேரூராட்சி அலுவலகத்தில் உன் மனுவை மூன்று முறை திருப்பி அனுப்பினால் அது பெரிய விஷயமாகத் தெரியாது.

ஒரு பெட்டை இரண்டு மாதம் சுமந்து நாலைந்து குட்டி போடும். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் தெருவெங்கும் குட்டிகளாகத் திரிவதைப் பார்க்கிறாய். அவற்றில் அடுத்த தை வரை இருப்பவை கொஞ்சம்தான். கரும்பு லாரி, டிராக்டர் டிப்பர், நோய், பட்டினி. அறுவை சிகிச்சை கொடுமை என்று வாதாடுகிறவரை நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போகும் நாட்களில் சாலையோரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. ஆனால் அரைகுறையாகச் செய்யாதே. ஒரு தெருவை எடுத்தால் அந்தத் தெருவின் கடைசிப் பெட்டை வரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போ. பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டார்களா, காதில் வெட்டு இருக்கிறதா, தையல் ஆறியதா என்று நோட்டில் எழுது. வலையோடு வரும் ஆட்களிடம் மரியாதையாக நட. டீ வாங்கிக் கொடு. கடிபட்டுக் கடிபட்டு இந்த வேலையைச் செய்கிறவர்கள் அவர்கள்.

5. கடி என்று வந்துவிட்டால் உன் பாசத்தை ஒதுக்கி வை. இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன், கண்ணு. வெறிநோய் வந்து அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்ற இன்றுவரை மருந்து இல்லை என்றே வைத்துக்கொள். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில். இத்தனைக்கும் நேரத்தில் ஊசி போட்டால் தடுத்துவிடக்கூடிய சாவு இது.

எங்கள் தலைமுறை நிறையத் தப்பு செய்தது. கடித்த இடத்தில் மிளகாய்த்தூள் அப்பினோம், சுண்ணாம்பு தடவினோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். குட்டி நாய்தானே கீறியது என்று சிரித்துவிட்டுக் கரும்பு வெட்டப் போன ஒரு வாலிபரை எனக்குத் தெரியும். சில வாரம் கழித்துத் தண்ணீர் டம்ளரைப் பார்த்ததும் அவருக்குத் தொண்டை இறுகியது. அதற்கு மேல் எழுத வேண்டாம். குட்டியானாலும், வீட்டு நாயானாலும், பல் மேலாகப் பட்டாலும், உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டு முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவு. அந்தப் பதினைந்து நிமிடம் மிக நீளமாக இருக்கும், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவு. பிறகு நேராக அரசு மருத்துவமனை. பண்ருட்டியிலும் கடலூரிலும் ஊசி இலவசம். முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்ஜிய நாளாக வைத்து 3, 7, 28ஆம் நாட்களில் மறுபடி போட வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்த காயம் என்றால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்து இருக்கிறது, இம்யூனோகுளோபுலின். அதைக் கேட்டுப் போடச் சொல். பெரியவர்கள் வர மறுப்பார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம். குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் வந்த பிறகு நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது, உண்மைதான். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தை நிறுத்தி இருபது வருஷமாகிறது. இப்போது கையில் சின்ன ஊசிதான் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல். மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுவார்கள். நாலாவதுக்கு நீயே கூட்டிக்கொண்டு போ.

கடித்தது நீ சோறு போடும் நாயாக இருந்தால் மறைக்காதே. இதுதான் உன் குணத்துக்கு வரும் பெரிய சோதனை. ‘எங்கள் கறுப்பன் கடிக்க மாட்டான்’ என்று சொல்ல வாய் வரும். சொல்லாதே. நாயை அடையாளம் காட்டு. பத்து நாள் கவனித்து வருவோம் என்று முன்னால் நில். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போட விடாதே. வாயில் எச்சில் ஒழுக, தாடை தொங்க, கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டோ, அல்லது காரணமில்லாமல் மூலையில் சுருண்டோ கிடக்கும் நாயிடம் நீ போகவே கூடாது. பேரூராட்சிக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல். நீயும் உன் கூட்டாளிகளும் இந்த வேலையைத் தொடங்குமுன் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பத்து நாயில் ஏழு நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும். கோவாவில் வீதி வீதியாக வலையோடு போய் அதைச் செய்தார்கள். 2021இல் அந்த மாநிலத்தை வெறிநோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தார்கள். கோவாவால் முடிந்தது கடலூரால் முடியாதா?

6. குட்டியைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடாதே. இரண்டு மாதம் ஆகும் முன் தாயிடமிருந்து பிரிக்காதே. கொடுக்கும் வீட்டில் பிள்ளைகளிடம் பேசாதே, சமைக்கிறவரிடம் பேசு. மூன்றாம் மாதத்தில் செருப்பைக் கடித்துக் குதறும்போது யார் பொறுத்துக்கொள்வார்கள் என்று கேள். பெண் குட்டி வேண்டாம் என்பார்கள். அறுவை சிகிச்சைச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடு.

7. புதிதாக ஒரு நாய் ஊருக்குள் நின்றால், யாரோ தொலைத்த நாய் என்றே முதலில் நினை. ‘கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறான் பாவி’ என்று தீர்ப்பு எழுத அவசரப்படாதே. தீபாவளி இரவில் வெடிச்சத்தத்துக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய நாய் எந்தத் திசையில் போகிறோம் என்று தெரியாமல் ஓடும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்து தென்பெண்ணை கரை மீறி வந்ததே, நினைவிருக்கிறதா? மனிதர்கள் முகாமுக்குப் போனார்கள். நாய்கள் மேட்டைத் தேடி எங்கெங்கோ போய்விட்டன. தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, வீட்டுக்காரர்கள் திரும்பிய பிறகு வெகுநாள் கழித்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த நாய்கள் உண்டு. எப்போதாவது வந்துவிடும் என்று வாசலில் தினம் ஒரு சட்டித் தண்ணீர் வைத்தவர்கள் வீட்டுக்குத்தான் அவை நேராக வந்தன என்று சொல்ல மாட்டேன். வராத வீடுகளும் இருந்தன. ஆனால் தேடுவதை நிறுத்தாதவர்களுக்குக் கிடைக்க வாய்ப்பு இருந்தது.

கண்டெடுத்த நாயைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பு. ஆனால் ஏதாவது ஒரு அடையாளத்தை மட்டும் சொல்லாமல் வை, வயிற்றில் இருக்கும் மச்சம், பின்னங்காலில் பழைய தழும்பு, இப்படி ஒன்று. உரிமை கொண்டாடி வருகிறவர் அதைச் சொல்லட்டும். ராஜபாளையமோ கன்னியோ கிடைத்தால் நாலு பேர் வருவார்கள். 2005இல் அஞ்சல் தலையில் இடம்பிடித்த ராஜபாளையத்துக்கு அவ்வளவு மதிப்பு. நம் தெருச் செவலையைத் தேடி ஒருவர்தான் வருவார், அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தொலைத்தவர் வந்தால் திட்டாதே. அவர் ஏற்கெனவே தூங்காமல் வந்திருப்பார். முதலில் பக்கத்துத் தெருக்களைத் தேடச் சொல். வெகுதூரம் போயிருக்கும் என்று கடலூர் வரை பைக்கில் அலைவார்கள், நாய் இரண்டு தெரு தள்ளி ஒரு லாரிக்கடியில் பதுங்கியிருக்கும். ஓடும் நாயைத் துரத்தக் கூடாது. உட்கார்ந்து, வீட்டில் கூப்பிடும் பேரைச் சொல்லி, மெதுவாகக் கூப்பிட வேண்டும். அது படுத்த பழைய சாக்கை வாசலில் போடச் சொல். தூய்மைப் பணியாளர்கள், பால்காரர், பேப்பர் போடும் பையன், ரயில்வே கேட்டில் இருப்பவர், இவர்களிடம் சொல்லி வை. விடியற்காலை ஊர் அவர்கள் கண்ணில்தான் படுகிறது. வீட்டு நாய் வைத்திருப்பவர் ஒவ்வொருவரையும் கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதச் சொல்.

8. விட்டுவிட்டுப் போனவர்களை வெறுக்காதே. நெய்வேலி நகரியத்தில் பணி ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற குடும்பங்கள் சில நாயை விட்டுப் போவதுண்டு. மகன் சென்னையில் அடுக்குமாடியில் இருப்பான், நாய்க்கு அங்கே இடமில்லை என்பான். நாய் மட்டும் பூட்டிய கேட்டுக்கு முன்னால் படுத்திருக்கும், புதிதாக வந்தவர் விரட்டுவார். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துக் கிளம்பிய ஊர்களிலும் இதைக் கண்டேன். வீடே போன மனிதனிடம் போய் நாயைக் கேட்க நமக்கு வாய் வராது. கிளம்புவதற்கு முன்பே நீ போ. ஓய்வு பெறப் போகிற வீடு எது என்று தெருவுக்கே தெரியும். மூன்று நாலு மாதம் இருக்கும்போதே, நாயை யாரிடம் விடப் போகிறீர்கள் என்று அன்பாகக் கேள். ஏற்பாடு செய்ய அப்போது நேரம் இருக்கும். வயதான நாயை வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம், அதையும் சொல்லிவிடு.

9. சட்டத்தைத் தெரிந்துகொண்டு உள்ளபடி சொல். நாயைக் கொல்வதும் ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் குற்றம். கருத்தடை செய்து அதே இடத்தில் விடச் சொல்கின்றன விலங்குகளின் பிறப்புக் கட்டுப்பாட்டுக்கான 2023 விதிகள். 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெரு நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு உத்தரவிட்டது. 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள்: ஊசி போட்டு, கருத்தடை செய்து, பிடித்த இடத்தில் விடலாம், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது, கண்ட இடத்தில் சோறு போடாமல் உள்ளாட்சி ஒதுக்கும் இடத்தில் போட வேண்டும். நவம்பர் 7இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றும் சொன்னார்கள். உனக்குப் பிடித்த வரியை மட்டும் படித்துக் காட்டாதே, பிடிக்காததையும் சேர்த்துச் சொல். நம் ரயிலடி நாய்களுக்கு என்ன செய்வது என்று நீதான் இனி யோசிக்க வேண்டும். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

10. உன் வீட்டில் எத்தனை நாய் வைத்துக்கொள்ள முடியும் என்பதை இன்றே முடிவு செய், பிறகு அதைத் தாண்டாதே. இரக்கத்தில் ஒன்று ஒன்றாகச் சேர்த்து, கடைசியில் எதற்கும் சரியாகச் சோறு போட முடியாமல் போன வீடுகள் உண்டு. அங்கே நாயும் வாழவில்லை, மனிதரும் வாழவில்லை. வசூல் பணத்துக்கு ரசீது கொடு, மாதாமாதம் கணக்கை நோட்டீஸ் பலகையில் ஒட்டு. நீ பெயர் வைத்த நாய் லாரியில் அடிபட்டுக் கிடக்கும் நாளும் வரும். அன்றைக்கு அழு, புதை, மறுநாள் லீவு எடுத்துக்கொள். அந்த வேளைச் சோற்றைக் கூட்டாளி போடட்டும். அதற்குத்தான் ஒருவராகத் தொடங்காமல் நாலு பேராகத் தொடங்கச் சொல்கிறேன்.

11. நோட்டு நிரம்பியதும் அதை வைத்து மனு எழுது. தெரு வாரியாக ஆண் எத்தனை, பெண் எத்தனை, கருத்தடை ஆகாதது எத்தனை, சோறு போட எந்த இடம் தோது, கழிவு கொட்டப்படும் இடம் எது. கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். நாயைப் பிடிக்காத நாலு பேரின் கையெழுத்தையும் கேட்டு வாங்கு. அவர்கள் போட்டால் அந்த மனுவுக்கு இரட்டை பலம். பேரூராட்சி செயல் அலுவலரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள். ஒரு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கும், அங்கே கொண்டுபோய்க் கொடு. காலையில் சீக்கிரம் போனால்தான் வரிசையில் முன்னால் நிற்கலாம். மேல்பட்டாம்பாக்கத்தில் ஏறும்போதே சில்லறை வைத்துக்கொள், பஸ்ஸில் கேட்பார்கள்.